வரிக்கடைசிக் கொம்பு

கொம்பு வரிக்கடைசியில் தனியே நிற்கக் கூடாது. கால் அடுத்த வரியின் தலையில் போய் உட்காரக் கூடாது. புள்ளி எழுத்தில் வரி தொடங்கவே கூடாது. ஈய எழுத்துக் காலத்தில் எங்கள் ஊர் அச்சகத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம் இது. 'கொ' அங்கே ஓரெழுத்தல்ல. கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. கம்பாசிட்டர் அண்ணாச்சி அவற்றை ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கிக்கொண்டே வருவார். வரி முடியப்போகிறது என்றால் விரல் நிதானப்படும்.

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது, 'லை'க்குத் தும்பிக்கை போய்விட்டதே என்று ஊர் பேசியது. அண்ணாச்சியின் கவலை வேறு. பழைய 'றா'வும் 'னை'யும் ஒரே துண்டு, உடையாது. இனி அவையும் இரண்டிரண்டு. வரிமுனையில் கண்வைக்க வேண்டிய இடம் கூடிப்போயிற்று.

தமிழில் சொல்லைச் சிறுகோடுகூட இல்லாமல் உடைக்கலாம். அதற்காக 'போகவில்' என்று நிறுத்திவிட்டு 'லை'யைக் கீழே தள்ள அவருக்கு மனம் வராது. சொற்களுக்கு நடுவே ஸ்பேஸை மாற்றி மாற்றிச் செருகி வரியை இறுக்குவார். இறுக்கம் அழகுக்கு மட்டுமில்லை. வரி தளர்ந்திருந்தால் எழுத்து மை உருளையோடு கிளம்பி வந்துவிடும். அப்படியும் இடம் போதாவிட்டால் பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்ப்பார்.

"தம்பி, இதுல ஒரு 'மிக' சும்மா கெடக்கு. எடுத்துரட்டா?"

பத்தியின் கடைசி வரியில் 'கள்' மட்டும் தொங்கினாலும் இதே கேள்விதான். எங்கள் சிற்றிதழின் நடை பாதி திருந்தியது இப்படித்தான். ஆசிரியர் குழு ஒத்துக்கொள்ளாது.

பிறகு டி.டி.பி. வந்தது. அன்றைய எழுத்துருக்களில் கொம்பு தனிக்குறி. கம்ப்யூட்டருக்கு அது அடுத்த எழுத்தோடு சேர்ந்தது என்றே தெரியாது. அநாதையாக நின்ற கொம்புகளோடு அச்சான புத்தகங்கள் என் அலமாரியில் இன்னும் இருக்கின்றன. யூனிகோடில் கொம்பு தன் எழுத்தோடு ஒட்டிக்கொண்டதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. இப்போது நேர் எதிர்: பல மென்பொருள்கள் தமிழ்ச் சொல்லை உடைக்கவே மறுக்கின்றன. ஒடுக்கமான பத்தியில் 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒன்று வந்தால் முழுசாகக் கீழே இறங்கிவிடும். மேலே மிஞ்சிய இரண்டு சொற்கள் ஆளுக்கொரு ஓரம். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அந்தப் பத்தியில் எதையாவது வெட்டிவிடுகிறேன். எழுதியவரைக் கேட்பதில்லை. அகப்படுவது பெரும்பாலும் ஒரு 'மிக'தான்.