பாட்டியின் 11.2



பள்ளி வள மையத்தைப் பற்றி எழுதும்பொழுது நம்மில் பலர் நல்ல செய்திகளையே எழுதுகிறோம். எத்தனை நூல்கள் சேர்ந்தன, நீலாம் வாசிப்புத் திட்டத்தில் எத்தனை மாணவர்கள் விருது பெற்றனர் என்று பெருமையோடு சொல்கிறோம். இன்று நான் எழுதவிருப்பது, என் பொறுப்பில் இருந்த வள மையத்தால் விளைந்த ஒரு தவற்றைப் பற்றி. இதனை எழுத எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. ஆனால், அதே தவறு வேறொரு பள்ளியில் நிகழக்கூடாது என்பதால் எழுதத் துணிந்தேன்.

2016ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிக் கொண்டிருந்தேன். வள மையத்தில் பெரியவர்கள் படிப்பதற்கென்று தமிழ் நூல்கள் ஏதுமில்லை. மாணவர்களின் வீடுகளிலோ நாளிதழைத் தவிர வேறு வாசிப்புப் பொருள் இல்லை. எனவே, தெரிந்தவர்களிடமிருந்து பழைய இதழ்களைத் திரட்டினேன். வந்தவை பெரும்பாலும் தமிழ்நாட்டு இதழ்கள். மருத்துவக் குறிப்புகள் உள்ளவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து முன்வரிசையில் அடுக்கினேன். “வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள், பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்” என்று அட்டையில் எழுதியும் வைத்தேன். நல்லதொரு தொண்டு செய்துவிட்டதாக எனக்குள் ஒரு மனநிறைவு.

இரண்டு மாதங்கள் கழித்து, ஓய்வு வேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள்.

“டீச்சர், பாட்டிக்குச் சீனி ரொம்பக் கொறஞ்சு போச்சு. இன்னும் எத்தன நாளைக்கு மருந்த நிறுத்தி வைக்கணும்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று மாலையே அவள் வீட்டிற்குச் சென்றேன்.

பாட்டி முன்னாள் பால்மரத் தொழிலாளி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பார். பல ஆண்டுகளாக அவருக்கு ‘இனிப்பு நீர்’. என்னைக் கண்டதும் எழுந்து, கிளினிக் புத்தகத்தையும் நான் கொடுத்தனுப்பிய இதழையும் அருகருகே விரித்து வைத்தார்.

“பாருங்க டீச்சரம்மா, பசியாறாம எடுத்தா 100க்குள்ள இருக்கணுமுன்னு இதுல போட்டிருக்கு. எனக்கு வெறும் 11தான் இருக்கு. மருந்து போட்டா இன்னும் எறங்கிடுமேன்னு பயந்துட்டேன்.”

புத்தகத்தில் 11.2 என்று எழுதியிருந்தது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுள் சிலருக்கு உடனே விளங்கியிருக்கும். மலேசியாவில் இரத்தத்தில் உள்ள சீனியின் அளவை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று குறிக்கிறோம். இந்தியாவில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிக்கிறார்கள். நம் நாட்டு எண்ணை 18ஆல் பெருக்கினால் இந்திய எண் கிடைக்கும். பாட்டியின் 11.2 அந்த இதழின் கணக்கில் ஏறத்தாழ 202. குறைந்து போய்விட்டது என்று அவர் அஞ்சிய சீனி, இருக்க வேண்டிய அளவைப் போல் இருமடங்கு இருந்தது. அவரோ மாத்திரையை நிறுத்திவிட்டு, சீனியை ‘ஏற்ற’ பால்டின் கலந்த தேநீரை நாளுக்கு மூன்று வேளை குடித்துக் கொண்டிருந்தார். குதிகாலில் செம்பனை முள் குத்திய புண் மூன்று வாரமாக ஆறவில்லை.

அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்தபொழுது என் நா எழவில்லை. இதழ் எழுதியது சரி. கிளினிக் எழுதியதும் சரி. பாட்டி வாசித்ததிலும் பிழையில்லை. இவ்விரண்டையும் ஓர் அளவு விளக்கமும் இன்றி ஒரே வீட்டில் சேர்த்து வைத்தவள் நான்தான்.

மறுநாள் விடுப்பு எடுத்துக் கொண்டு அவரை அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். நல்ல வேளையாகப் புண் எலும்பு வரை செல்லவில்லை. மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். நாள்தோறும் புண்ணுக்கு மருந்திட்டார்கள். காத்திருந்த நேரத்தில் இன்னொன்றும் தெரிய வந்தது. இதற்கு முன்னர் கிளினிக்கில் பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் அந்த 11 வயதுப் பேத்திதான். இரத்தப் பரிசோதனைக்கான சீட்டில் ‘புவாசா’ என்றிருந்ததாம். நோன்பு மாதத்தில் முஸ்லிம் அண்டைவீட்டார் நோற்பதைப் போலத் தண்ணீரும் அருந்தக்கூடாது என்று அவள் பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். இரத்தப் பரிசோதனைக்கு முன் வெறும் தண்ணீர் அருந்தலாம் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாம் மொழியைத்தான் கற்பித்தோம். ஒரு மூதாட்டியின் உடல்நலப் பொறுப்பையும் சேர்த்து அவள் தோளில் ஏற்றியிருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோயுறு ஆய்வின்படி, நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உடல்நலத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு என்றும் அதே ஆய்வு கூறியது. முன்பு தோட்டத்து மருத்துவமனையில் ‘டிரெசர்’ ஒருவர் இருப்பார். தமிழில் அதட்டுவார், தமிழிலேயே விளக்குவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்தபொழுது அந்த ஏற்பாடும் பல இடங்களில் மறைந்தது. 1 ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவம் கிடைத்தது. அங்கே கேட்டதை வீட்டில் மீண்டும் விளக்கிச் சொல்லத்தான் ஆள் இல்லாமற் போயிற்று.

அந்த இடத்தை ஒரு பள்ளி வள மையம் ஓரளவேனும் நிரப்ப முடியுமா என்று தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் கேட்டேன். இதழ்களை எல்லாம் எரித்துவிடலாம் என்றார் ஒருவர். எனக்கு அது தீர்வாகப் படவில்லை. நாம் எரித்தாலும் அதே குறிப்புகள் கைப்பேசி வழியாக வீட்டிற்குள் வரத்தான் போகின்றன. எனவே, சில நடைமுறைகளை வகுத்துக் கொண்டோம்.

முதலாவதாக, மருத்துவக் குறிப்புள்ள ஒவ்வொரு வெளியீட்டின் முகப்பிலும் ஒரு சீட்டு ஒட்டினோம். எந்த நாட்டில், எந்த ஆண்டில் அச்சானது என்பதை அதில் எழுதினோம். இந்திய இதழாயின், “நம் கிளினிக்கின் சீனி எண்ணை 18ஆல் பெருக்கிய பின்னரே ஒப்பிடுக, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தற்க” என்ற வரியையும் சேர்த்தோம்.

இரண்டாவதாக, மருந்து உறைகளிலும் சீட்டுகளிலும் அடிக்கடி வரும் மலாய்ச் சொற்களைப் பெரிய எழுத்தில் தமிழ்ப் பொருளோடு ஓர் அட்டையில் அச்சிட்டோம். ‘செபெலும் மாக்கான்’ என்றால் உணவுக்கு முன். ‘செலெப்பாஸ் மாக்கான்’ என்றால் உணவுக்குப் பின். இவ்விரண்டு சொற்களை மாற்றிப் புரிந்து கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது அட்டையைக் கொடுக்கத் தொடங்கிய பின்னர்தான் தெரிந்தது. அட்டையை அச்சுக்கு அனுப்புமுன் கிளினிக்கில் பணிபுரியும் மருத்துவ உதவியாளர் ஒருவர் வரிக்கு வரி சரிபார்த்துக் கொடுத்தார்.

மூன்றாவதாக, மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் ஒரு மேசையையும் இரண்டு பெட்டி நூல்களையும் கோயில் திடலுக்குக் கொண்டு சென்றோம். பள்ளிக்குள் வரத் தயங்கும் பெரியவர்கள் கோயிலுக்கு வரத் தயங்கமாட்டார்கள் அல்லவா? சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் ஊக்கத்தால் 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடி வட்டாரச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. எங்களுக்கு வாய்த்தது கணித ஆசிரியரின் பழைய கார்.

முதல் சனிக்கிழமை நான்கு பாட்டிமார் மட்டுமே வந்தனர். ஆண்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டனர். அவர்களை ஈர்க்கும் வழியை நான் அப்பள்ளியிலிருந்து மாற்றலாகும் வரை கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக் கொள்கிறேன். இரண்டாம் மாதம் நம் பாட்டி தம் கிளினிக் புத்தகத்தோடு வந்து மேசைக்குப் பின்னால், என் நாற்காலிக்கு அருகில் அமர்ந்து கொண்டார். வருவோரிடமெல்லாம் தம் 11.2 கதையைச் சொன்னார். நான் ஒட்டிய சீட்டுகளைவிட அவர் வாய்மொழி அதிகம் பேரைச் சென்றடைந்தது. “பதினெட்டால பெருக்கணும், தெரியுமா?” என்று அவர் கேட்கும்பொழுது பேத்தி சிரிப்பாள், கணக்கை அவள்தான் தாளில் போட்டுக் காட்டுவாள்.

ஒன்றை மட்டும் நாங்கள் உறுதியாகக் கடைப்பிடித்தோம். இந்த மருந்தைச் சாப்பிடலாமா, அந்தக் கசாயம் நல்லதா என்று எவர் கேட்டாலும் நாங்கள் விடை சொல்வதில்லை. அந்தக் கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். நூலகப் பொறுப்பாளர் மருத்துவர் அல்லர். சரியான தகவல் எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடும், அதை வாசிக்கத் துணை நிற்பதோடும் நம் பணி முடிகிறது.

அன்பார்ந்த ஆசிரியர்களே, உங்கள் வள மையத்தில் மருத்துவ நூல்கள் இருந்தால், நாளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்த நாடு, எந்த அளவை என்று பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கிளினிக் புத்தகத்தை இன்றிரவு அவர்களோடு அமர்ந்து திறந்து பாருங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.