பேசுவோர் இல்லாத நகரம்

2004 நவம்பரில் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டை வட்டில் வாங்கியவர்கள் பாதி விளையாட்டைத்தான் வாங்கினார்கள். மலைகளும் மரங்களும் இசையும் வட்டில் இருந்தன. எந்த ஓநாய் எங்கே நிற்க வேண்டும், வீசிய வாள் பட்டதா தவறியதா, வீழ்ந்த ஓநாயிடமிருந்து என்ன கிடைக்கும் என்பவற்றைத் தீர்மானிக்கும் மறுபாதி நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்தது. அது எவருக்கும் விற்கப்படவில்லை. வீரரின் கணினியில் உள்ள நிரல் கேட்கும், காட்டும். தானாக எதையும் முடிவுசெய்யாது. மொழியியல் பயின்றோருக்கு இது பழகிய நிலைமை. கேட்போர் இங்கே இருக்கிறார். பேசுவோர் எங்கோ தொலைவில் இருக்கிறார். பேசுவோர் ஒருநாள் மௌனமாகிவிட்டால் கேட்போரிடம் எஞ்சுவது என்ன?

அவ்விளையாட்டின் கோப்புகளுக்கிடையே எளிய உரைக்கோப்பு ஒன்று உண்டு. எந்தச் சேவையகத்தோடு பேச வேண்டும் என்னும் முகவரி அதில் ஒற்றை வரியாக எழுதப்பட்டிருந்தது. அவ்வரியை மாற்றினால் விளையாட்டு வேறொரு வாசலைத் தட்டும். அந்த வாசலுக்குப் பின்னிருந்து மறுமொழி சொல்ல ஒருவர் வேண்டும் என்னும் தேவையே தனிச் சேவையகங்களை உருவாக்கியது. 2005இல் தொடங்கப்பட்ட ‘மாங்கோஸ்’ என்னும் திறமூல நிரல் அவற்றுள் பலவற்றுக்குத் தாய்.

இந்திய மாணவர்கள் அந்த வாசலைத் தேடிச் சென்றதற்குக் காரணம் எளியது. அதிகாரபூர்வச் சேவையகத்துக்கு மாதச் சந்தா ஏறத்தாழ 15 டாலர். மாணவர் கையில் கடன் அட்டை கிடையாது. பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கின்றி இணையத்தைப் பயன்படுத்த அனுமதித்த பி.எஸ்.என்.எல். திட்டத்தை நம்பி, ஐரோப்பாவின் ஏதோவொரு தனிச் சேவையகத்தில் விடியும்வரை விளையாடியவர்கள் பலர் இன்று ஆய்வுக்கூடங்களிலும் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள்.

மூல நிரல் கையில் இல்லாத நிலையில் ஒரு சேவையகத்தை எழுதுவது எப்படி? அதிகாரபூர்வச் சேவையகத்துக்கும் விளையாட்டு நிரலுக்கும் இடையே ஓடும் தரவுப் பொதிகளைப் பதிவுசெய்து படிப்பதே முதல் வழி. ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அது எதைப் பற்றியது என்று சொல்லும் எண் ஒன்று இருக்கும். நிரலாளர்கள் அதை ஆப்கோடு என்பர். ஒரே செயலைச் சிறு மாற்றத்தோடு இருமுறை செய்து பார்க்கிறார்கள்: ஒருமுறை வெறுங்கையோடு, மறுமுறை வாளோடு. எந்த பைட் மாறியதோ அங்கே வாளைப் பற்றிய செய்தி இருக்கிறது. எழுத்து வடிவம் பெறாத மொழியைக் கள ஆய்வாளர் அணுகும் முறையும் இதுவே. ‘பல்லி’, ‘பள்ளி’ என்னும் சொற்களை அருகருகே வைத்துத்தான் லகரமும் ளகரமும் தனித்தனி ஒலியன்கள் என்பது நிறுவப்படுகிறது.

ஒலியன்கள் கிடைத்தால் போதாது, சொல்வளம் வேண்டும். எந்த விலங்கிடமிருந்து எப்பொருள் எத்தனை முறைக்கு ஒருமுறை கிடைக்கும் என்பதை ‘தாட்பாட்’ போன்ற தளங்கள் ஆயிரக்கணக்கான வீரர்களின் கணினிகளிலிருந்து திரட்டியிருந்தன. தரவகம் என்று மொழியியல் அழைப்பதற்கு அது இணையானது. எஞ்சிய இடைவெளிகளைப் பழைய காணொளிகளும் வீரர்களின் நினைவும் ஊகமும் நிரப்பின. தொல்திராவிடச் சொல்லொன்றை மீட்டமைப்பவர் அதன் முன்னே உடுக்குறி இடுவார்; நேரடிச் சான்று இல்லை, ஊகித்துப் பெற்றது என்பதற்கான ஒப்புகை அது. தனிச் சேவையகத்தில் அந்த உடுக்குறி கண்ணுக்குத் தெரிவதில்லை. சான்றுள்ளதும் ஊகித்ததும் ஒரே புல்வெளியில் ஒன்றாக மேய்கின்றன.

லினக்ஸில் விளையாடுவோருக்கு இந்த மனநிலை புதிதன்று. இவ்விளையாட்டு லினக்ஸுக்கென அதிகாரபூர்வமாக வெளிவந்ததே இல்லை. அங்கே அதை ஓடவைப்பது 1993இல் தொடங்கப்பட்ட ‘வைன்’. விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல் விடுக்கும் அழைப்புகளை லினக்ஸ் புரிந்துகொள்ளும் அழைப்புகளாக அந்தந்தக் கணமே மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர் அது. அதன் 1.0 பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பு. 2018இல் வால்வ் நிறுவனம் ‘புரோட்டான்’ கருவியை வெளியிட்ட பிறகு பல விளையாட்டுகள் ஒரே சொடுக்கில் ஓடுகின்றன. அதற்கு முன் லினக்ஸில் விளையாடியவர் ஒலி வராதபோதும் திரை கறுத்தபோதும் பிழைச்செய்திகளை வரிவரியாகப் படித்தாக வேண்டும். ஓடாத நிரல் என்பது இன்னும் புரிந்துகொள்ளப்படாத நிரல் என்னும் பொறுமை அப்படி வந்தது. மாங்கோஸும் லினக்ஸில் இயல்பாக ஓடுவது. ஆகவே ஒரே பழைய மடிக்கணினியில் கேட்பவரையும் பேசுபவரையும் குடியமர்த்திவிடலாம், உரைக்கோப்பில் 127.0.0.1 என்று எழுதினால் போதும்.

ஹைதராபாத்தில் ஒரு விடுதியில் வேதியியல் ஆய்வு மாணவர் ஒருவர் அதைத்தான் செய்தார். நிரலைத் தொகுத்து, தரவுத்தளத்தை ஏற்றி, விளையாட்டின் கோப்புகளிலிருந்தே நிலப்படங்களைப் பிரித்தெடுத்து முடிக்க அவருக்கு நான்கு இரவுகள் பிடித்தன. ஐந்தாம் இரவு ஸ்டார்ம்விண்ட் நகரின் வாயில் திறந்தது. காவலர்கள் நடைபோட்டனர். கடைக்காரர்கள் வணக்கம் சொன்னார்கள். ஏலக்கூடத்தில் விற்பனைக்கு ஒரு பொருளும் இல்லை. நாற்பது பேர் சேர்ந்து நுழைய வேண்டிய ‘மோல்டன் கோர்’ குகையின் முன் அவர் தனியே நின்றார். இலக்கணம் முழுவதும் அங்கே இருந்தது. அதைப் பேசுவதற்கு எவரும் இல்லை.

பிறகு அவர் விடுதியின் உள்வலையமைப்பில் சேவையகத்தைத் திறந்துவிட்டார். இரவு உணவுக்குப் பின் ஐந்து பேர் வரத் தொடங்கினர்: ஒடிசாவிலிருந்து ஒருவர், மணிப்பூரிலிருந்து ஒருவர், தெலுங்கர் இருவர், மலையாளி ஒருவர். உரையாடல் இந்தியும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து ஓடியது. விளையாட்டில் இறந்தவர் ஆவியாகச் சென்று சேரும் இடுகாட்டுக்கு அவர்கள் ‘மெஸ்’ என்று பெயரிட்டார்கள். எங்கே சுற்றினாலும் இரவில் எல்லாரும் அங்கேதான் வந்து சேர வேண்டும் என்பது காரணம். ‘மெஸ்ஸுக்குப் போனான்’ என்றால் செத்தான் என்று பொருள். அந்த வழக்கு எந்த நிரலிலும் எழுதப்பட்டதன்று. பருவத் தேர்வு முடிந்து மூவர் ஊருக்குத் திரும்பியதும் அதுவும் நின்றுவிட்டது. சேவையகம் மட்டும் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தது.

விடுதியில் சிறிதாக நிகழ்ந்தது வெளியே பெரிதாகவும் நிகழ்ந்திருக்கிறது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய ‘நாஸ்டால்ரியஸ்’ என்னும் தனிச் சேவையகம் விளையாட்டின் பழைய 1.12 பதிப்பை மீட்டு நடத்தியது. நடத்தியோர் தந்த கணக்கின்படி அங்கே 8 லட்சம் பேர் பதிவுசெய்திருந்தனர். உரிமையாளரான பிளிஸ்ஸார்டின் சட்ட அறிவிப்புக்குப் பின் 2016 ஏப்ரல் 10 அன்று அது மூடப்பட்டது. பழைய பதிப்பை மீண்டும் தரக் கோரிய மனுவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2019 ஆகஸ்டில் நிறுவனமே ‘கிளாசிக்’ என்னும் பெயரில் பழைய பதிப்பை வெளியிட்டது.

அதற்கு முந்தைய சோதனைக் காலத்தில் நடந்ததை மொழியியலாளர்கள் கவனிக்க வேண்டும். வீரர்கள் பிழை என்று முறையிட்ட பலவும் பிழைகளல்ல. 2006இல் விளையாட்டு அவ்வாறுதான் இருந்தது. டாரன் இனத்து வீரர்களின் தாக்கும் எல்லை மற்றவர்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதும் அவற்றுள் ஒன்று. ‘இவை பிழையல்ல’ என்று நிறுவனம் ஒரு பட்டியலையே வெளியிட நேர்ந்தது. முறையிட்டவர்களில் பலர் விளையாட்டைக் கற்றது தனிச் சேவையகங்களில். உடுக்குறி இட்டிருக்க வேண்டிய ஊகங்கள் அவர்களுக்குத் தாய்மொழியாகிவிட்டன. நூல்களிலிருந்து உயிர்ப்பிக்கப்பட்ட கார்னிஷ் மொழியைப் பேசுவோர் எழுத்துமுறை குறித்துப் பல்லாண்டுகள் பிணங்கி, 2008இல்தான் ஒரு பொது வடிவத்துக்கு இசைந்தார்கள். மீட்டமைத்தவர் இறந்ததை அப்படியே எழுப்புவதில்லை, புதிதொன்றைப் பெற்றெடுக்கிறார். அதைக் குறை என்று சொல்வதைவிட, எது சான்று, எது ஊகம் என்று குறித்துவைப்பதே பயனுள்ளது.

‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ 2012 நவம்பர் 30 அன்று அணைக்கப்பட்டது. சிறு குழுவொன்று அதைப் பல்லாண்டுகள் மறைவாக நடத்திவந்தது 2019இல் வெளிப்பட்டது; பிறகு பலருக்கும் திறந்த ‘ஹோம்கமிங்’ சேவையகத்துக்கு 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் உரிமம் வழங்கியது. பகைமை ஒன்றே வழியன்று என்பதற்கு அது சான்று. நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ab) பிரிவு, முறையாகப் பெற்ற நிரலோடு வேறொரு நிரல் இணைந்து இயங்கத் தேவையான தகவல், எளிதில் வேறெங்கும் கிடைக்காதபோது, அதைத் தேடிப் பெற இடம் தருகிறது. மாற்றாரின் உலகை ஊரறிய நடத்துவதற்கு அது உரிமமாகாது. படித்தறிய ஒரு சிறு திண்ணை. ஓலைச்சுவடிகளையும் வட்டார வழக்கு ஒலிப்பதிவுகளையும் பேணும் பல்கலைக்கழகங்கள் அத்திண்ணையில் அமர்ந்து பார்க்கலாம்.

அமர்ந்தால் எதைச் சேமிப்பது? உலகத்தின் தரவுத்தளத்தைப் பலர் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். அரிதானது வேறு. விளையாட்டினுள் ‘/சாட்லாக்’ என்னும் கட்டளையை இட்டால் உரையாடல் முழுவதும் ஓர் உரைக்கோப்பில் பதிவாகும். ஹைதராபாத் மாணவர் முதல் நாளிலேயே மற்ற ஐவரின் இசைவைக் கேட்டு அதை இட்டிருந்தார். ‘மெஸ்’ என்னும் சொல் இடுகாட்டைக் குறித்தது என்பதற்கு இன்று உள்ள சான்று அந்த ஒரு கோப்பு மட்டுமே.