புளி தட்டும் திண்ணையில் முட்டி நோவு

திருப்பத்தூரிலிருந்து மலையேறிய பேருந்து புதூர்நாட்டில் நின்றது. இறங்கிய பெரியவர்கள் ஒரு கையில் கம்பியையும் மறு கையில் முட்டியையும் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள்.

வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட்டுடன் நடந்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பி.பி., சர்க்கரை மாத்திரைக்குத்தான் பேர் போனது. அதிலேயே அடங்கிய இந்த பிசியோதெரபி வேலையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒரு திண்ணையில் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். வயதான ஆயா ஒருவர் ஒரு காலை மடக்கி, நோவுகிற காலை நேரே நீட்டிக்கொண்டு, ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையை ஓரமாகத் தள்ளினார்.

"எலும்பு தேஞ்சுபோச்சுன்னு டவுன்ல சொல்லிட்டாங்க கண்ணு. நடந்தா இன்னும் தேயுமாமே. அதான் எங்கயும் போறதில்ல."

நோவைவிட இந்தப் பயம்தான் அவரை முடக்கியிருக்கிறது. நடக்காவிட்டால் தொடைத் தசை இளைக்கும். அது தாங்கவேண்டிய பாரமும் மூட்டில் இறங்கும். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசைந்தால்தான் உள்ளிருக்கும் நீர் வழியே அதற்கு ஊட்டம் சேரும். இத்தனையையும் பிசியோதெரபிஸ்ட், "கதவுக் கீலு அசையாம கெடந்தா துருப் புடிக்காதா ஆயா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

நோவு குறைந்த நாளில் ஆயா ஒரே மூச்சாக மூட்டைப் புளியைத் தட்டுவார். அப்புறம் இரண்டு மூன்று நாள் படுக்கை. "ஒரு கூடை முடிஞ்சதும் எழுந்து வாசல் வரைக்கும் நடங்க. நோவு வந்தப்புறம் இல்ல, வர்றதுக்கு முன்னாடியே." முட்டி சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட்.

'தரையில் உட்காராதீர், மேடு ஏறாதீர்' என்று டவுனில் எழுதிக்கொடுக்கும் காகிதம் இங்கே செல்லாது. வீடும் மேட்டில், சாமைக் கொல்லையும் மேட்டில்.

இப்படி நோவைச் சமாளிக்கக் கற்றுத்தரவே, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவர் 1970களின் இறுதியில் மூட்டுவாதக்காரர்களுக்கு ஒரு வகுப்பைத் தொடங்கினார். வாரம் 2 மணி நேரம், 6 வாரம். பாடம் நடத்தியவர்களில் பலருக்கும் அதே நோவு. 4 ஆண்டு கழித்துப் பார்த்தபோது வலி சராசரியாக 20 சதவீதமும், டாக்டரிடம் போவது 40 சதவீதமும் குறைந்திருந்ததாக 1993இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எவ்வளவு பயிற்சி செய்தார்கள் என்பதைவிட, 'என்னால் சமாளிக்க முடியும்' என்ற தெம்பு எவ்வளவு கூடியது என்பதோடுதான் பலன் ஒத்துப்போனது.

இங்கே வகுப்புக்கு ஆள் திரட்டவே வேண்டாம். புளி தட்ட உட்கார்ந்தாலே ஐந்தாறு பேர்.

பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி ஆயா காலை நீட்டி, முட்டியைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணினார். பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு ஊசி போட்டா போயிடும். இதுக்கு எத்தினி நாளு?"

பிசியோதெரபிஸ்ட் வாய் திறப்பதற்குள் ஆயாவே கேட்டுவிட்டார்: "போன மாசம் போட்டுக்கினியே, இப்ப ஏன் நொண்டுற? காலை நீட்டு."