இடாப்பில் ஒரு பெயர்

காலையிலே முதற் பாடவேளை மணி அடித்ததும் ஆசிரியர் ஒருவர் செய்யும் முதல் வேலை யாது? இடாப்பைத் திறந்து பெயர்களை வாசிப்பதேயாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாமும் இதனைச் செய்து வருகின்றோம். வந்தவர் எவர், வராதவர் எவர் என்று கணக்கெடுக்கும் காரியம் என்றே இதனை நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு என்று எமக்குக் கற்பித்தவன் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன். அவன் கதையை இன்று சொல்ல விரும்புகின்றோம். நோர்வே தேசத்திலே பிறந்த ஒரு சிறிய இயந்திரத்தின் கதையும் அதனோடு சேர்ந்து வரும்.

நாம் குடியிருப்பது கொச்சிக்கடையிலே. பொன்னம்பலவாணேசுவரர் கோயில் மணியோசையும் அந்தோனியார் கோயில் மணியோசையும் ஒரே சன்னல் வழியாகக் காதில் விழும் இடம் அது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றச் செல்வோரிலே திருநீறு பூசிய நெற்றிகளும் பல உண்டு. அச்சிறுவனின் வீடும் அண்மையிலேயே இருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து வீடு. ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை. தந்தையார் புறக்கோட்டையிலே மூட்டை சுமக்கும் நாட்டாமை. பையன் எமது வகுப்பிலே மூன்றாம் வரிசையில், சன்னல் ஓரத்தில் இருப்பவன். கணக்கிலே சுமார், பேச்சிலே வல்லவன். கேள்வி கேட்பதற்குக் கையை உயர்த்துவான். நாம் தலையசைக்கு முன்னரே வாயும் திறந்துவிடும்.

2018ஆம் ஆண்டின் நடுவிலே, அவன் தரம் 8இற் படிக்கும்போது, இரத்தப் புற்றுநோய் கண்டது. மகரகமை ஆஸ்பத்திரியிலே சிகிச்சை தொடங்கியது. இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள், கிருமிகளை எதிர்க்கும் உடலின் வலிமையையும் குறைத்துவிடும். ஆகவே வீடு திரும்பியிருந்த நாட்களிலும், நாற்பது பிள்ளைகள் நெருங்கியிருக்கும் வகுப்பறைக்கு அவன் வரலாகாது என்று வைத்தியர்கள் கூறிவிட்டார்கள்.

எமது கடமையை ஒழுங்காகச் செய்தோம் என்றே நாம் அப்போது நம்பினோம். பாடக் குறிப்புகளைப் பிள்ளைகளைக் கொண்டு பிரதி பண்ணுவித்துச் சனிக்கிழமைதோறும் அவனுக்கு அனுப்பினோம். அவன் இடம் வெறுமையாய்க் கிடந்தால் மற்றப் பிள்ளைகள் மனம் வருந்துவார்கள் என்று கருதி, வேறொரு பையனை அங்கே இருத்தினோம். இடாப்பு வாசிக்கும்போதும், பதில் வராது என்று தெரிந்த பெயரை வாசிப்பானேன் என்று அதனைத் தாண்டிச் சென்றோம்.

சில மாதங்கள் சென்றபின் ஒரு நாள் அவனுடைய தாயார் கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கொடுத்த பின்னும் போகாமல் நின்றார்.

“சேர், மகன் ஒன்று கேட்டு வரச் சொன்னான்.”

“கேளுங்கள், அம்மா.”

“இடாப்பு வாசிக்கும்போது சேர் இன்னும் என்ட பேரைக் கூப்பிடுறாரா என்று கேட்டுவரச் சொன்னான்.”

“கூப்பிடுகிறோமே!” என்றோம்.

அது பொய். அந்தத் தாயாரின் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சி அன்றிரவு எம்மை உறங்க விடவில்லை. நாம் அனுப்பிய குறிப்புகளைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. பாடம் எந்த அத்தியாயத்தில் நிற்கிறது என்றும் கேட்கவில்லை. தான் இன்னும் அவ்வகுப்பைச் சேர்ந்தவன்தானா என்பதையே கேட்டிருந்தான்.

மறுநாள் அப்பெயரை வாசித்தோம். வகுப்பு திடுக்கிட்டு நிமிர்ந்தது. சிறிது நேரம் மௌனம். பிறகு கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “வீட்டில இருக்கிறான், சேர்.” அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, எமது அந்தோனியார் கோயிலிலே குண்டு வெடித்ததை நாடே அறியும். மே மாதத்திலே பாடசாலை திறந்தபோது பல வாங்குகள் வெறுமையாய் இருந்தன. அச்சத்தினாற் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அன்று ஒரு பெயரையேனும் தாண்டிச் செல்ல எமக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் வாசித்தோம், பதில் வராதவற்றை மீண்டும் ஒரு முறை வாசித்தோம்.

அச்சிறுவன் 2020 ஜனவரியிலே திரும்பி வந்தான். தலைமயிர் புதிதாய் முளைத்திருந்தது. உடலும் சற்றுத் தேறியிருந்தது. ஆனால், படிப்பிலே பின்தங்கியவன் என்று அவனைத் தன்னிலும் இளைய பிள்ளைகளோடு இருத்தினார்கள். இடைவேளையிலே பழைய நண்பர்களிடம் ஓடுவான். அவர்களுடைய பேச்சிலே அவன் அறியாத செய்திகளும், காணாத விளையாட்டுப் போட்டிகளும், விளங்காத சிரிப்புகளும் இருந்தன. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி விடுவான். முன்னே தாழாத அவன் கை, இப்போது உயரவேயில்லை.

இரண்டரை மாதத்துள் கொரோனா நோய் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. இப்பொழுது எல்லாரும் வராத மாணவர்களே! பாடங்கள் கைத்தொலைபேசிக்குச் சென்றன. பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் கிராமத்திலே, அலைவரிசை கிடைக்கும் இடம் தேடிப் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டு வழியே மலையேறிச் சென்ற செய்தி 2021இலே வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. கொச்சிக்கடையிலே அலைவரிசைக்குப் பஞ்சமில்லை, கருவிக்குத்தான் பஞ்சம். எமது பையன் வீட்டில் இருந்தது ஒரே தொலைபேசி. அதுவும் தந்தையாரோடு வேலைக்குச் சென்றுவிடும். பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது அவன் வரவில்லை. நோய் அவனை விட்டுவிட்டது. பாடசாலையும் அவனை விட்டுவிட்டது.

இனி, நாம் முன்னே குறிப்பிட்ட இயந்திரத்துக்கு வருவோம். நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவிலே 2015ஆம் ஆண்டு கேரன் டோல்வா என்னும் பெண்மணியும் நண்பர்கள் இருவரும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ‘நோ ஐசொலேஷன்’ என்பது அதன் பெயர். ‘தனிமை வேண்டாம்’ என்று நாம் தமிழிற் சொல்லலாம். நெடுநாள் நோயுற்ற பிள்ளைகளுக்காக அவர்கள் செய்த இயந்திரத்துக்கு ‘ஏ.வி. 1’ என்று பெயர். தலையும் தோளும் மட்டுமே உள்ள ஒரு வெள்ளைப் பொம்மை போல அது காணப்படும்; எடை ஏறக்குறைய ஒரு கிலோ. நோயாளிப் பிள்ளையின் இடத்தில், அப்பிள்ளையின் மேசை மீது, அதனை வைப்பார்கள். அதன் முகத்திலே படக்கருவி உண்டு. கேட்கவும் பேசவும் கருவிகள் உண்டு. படுக்கையில் இருக்கும் பிள்ளை கையிலுள்ள பலகைக் கணினியை விரலால் தொட்டால் இங்கே பொம்மையின் தலை திரும்பும். கரும்பலகையைப் பார்க்கலாம், பக்கத்திலிருக்கும் தோழனையும் பார்க்கலாம். கேள்வி கேட்க வேண்டுமாயின் பொம்மையின் தலையிலே விளக்கு மின்னும். அதுவே அப்பிள்ளை கை உயர்த்துவது!

இதிலே எம்மை வியக்க வைத்தது ஒன்று. வகுப்பைப் பிள்ளை பார்க்கலாம். பிள்ளையை வகுப்பு பார்க்க முடியாது. பொம்மையிலே திரை கிடையாது. மயிர் உதிர்ந்து, முகம் வெளிறிக் கிடக்கும் பிள்ளை தன் கோலத்தைத் தோழர்களுக்குக் காட்ட விரும்புமா? அதனை எண்ணியே அவ்வாறு செய்திருக்கிறார்கள். வகுப்பில் நடப்பதை அது பதிந்து வைப்பதுமில்லை. ஆகவே, கண்காணிக்கப்படுகிறோமோ என்று ஆசிரியரும் அஞ்ச வேண்டியதில்லை. நோர்வேயில் மட்டுமன்றிப் பிரித்தானியா, ஜேர்மனி முதலிய நாடுகளின் பாடசாலைகளிலும் இப்பொம்மை இடம்பெற்றுள்ளது.

யப்பானிலே இதனைப் போன்ற ‘ஒரிஹிமே’ என்னும் இயந்திரத்தைச் செய்தவர் கெந்தாரோ யொஷிபுஜி. சிறுவயதிலே நோய் முதலிய காரணங்களால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பாடசாலைக்குப் போகாதிருந்தவர் அவர். அத்தனிமையின் துன்பமே பின்னாளில் அவரை இயந்திரம் செய்யத் தூண்டியது. ஆகாய கங்கையின் இருகரைகளிலும் பிரிந்திருந்து, ஆண்டில் ஒரு நாள் மட்டும் காதலனைக் காணும் நட்சத்திர மங்கையின் பெயரை அதற்குச் சூட்டினார்.

இச்செய்திகளைப் படித்தபோது, ‘அடடா, எமது பையனுக்கு இது கிடைத்திருந்தால்!’ என்று முதலில் எண்ணினோம். பின்பு சற்று ஆற அமர நினைத்துப் பார்த்தோம். பொம்மைக்குக் கால் கிடையாது. ஒரு பாடம் முடிந்து விஞ்ஞான கூடத்துக்குப் போகும்போது ஒருவன் அதனைத் தூக்கிச் செல்ல வேண்டும். இடைவேளையிலே மாமரத்தடிக்கு ஒருவன் கொண்டுபோக வேண்டும். மாலையிலே மின்னேற்றி வைப்பதற்கும் ஒருவர் வேண்டும். விளக்கு மின்னும்போது ஆசிரியர் அதனைக் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இவர்கள் இல்லையாயின் அது மேசை மீது கிடக்கும் வெறும் பொருளே. அவனுக்குரிய இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்து, அவன் பெயரைத் தாண்டிச் சென்ற நாம், அந்தப் பொம்மையையும் அலுமாரியிலே பூட்டி வைத்திருக்க மாட்டோம் என்பது என்ன நிச்சயம்?

சென்ற ஆண்டு எமது வகுப்பு மாணவன் ஒருவன் வீதி விபத்திலே தொடையெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் இருந்தான். நோர்வேப் பொம்மையை வாங்கும் வசதி எமக்கேது? அதிபரின் அனுமதி பெற்று, எமது பழைய கைத்தொலைபேசியை அவனுடைய மேசையில், புத்தகங்களை அடுக்கி அதன்மேல் நிறுத்தினோம். நோர்வே நாட்டவரிடம் கற்ற பாடத்தை மறவாமல், அவன் விரும்பினாலன்றி அவன் முகம் தெரியாதபடி செய்தோம். வாரம் ஒருவராகப் பிள்ளைகள் அதனைச் சுமக்கும் பொறுப்பை ஏற்றார்கள். சில நாட்களிலே தொடர்பு அறுந்தது. சில நாட்களிலே ஒலி கரகரத்தது. முதல் நாள் இடாப்பு வாசித்தபோது, “வந்திருக்கிறேன், சேர்!” என்று புத்தக அடுக்கின் மேலிருந்து குரல் வந்தது. வகுப்பு முழுவதும் சிரித்தது, அவனும் சிரித்தான். விதிப்படி அவனுக்கு ‘வரவில்லை’ என்றே குறியிட்டோம். ஆயினும் மூன்று மாதத்தின்பின் ஊன்றுகோலோடு அவன் வந்த அன்று, யாரும் அவனைப் புதியவனைப் போலப் பார்க்கவில்லை. அவனும் விட்ட இடத்திலிருந்தே வம்பைத் தொடர்ந்தான்.

அண்மையிலே புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கச் சென்றிருந்தோம். கடையொன்றிலே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த இளைஞன், “சேர்!” என்று எழுந்து நின்றான். எமது மூன்றாம் வரிசைப் பையனேதான்! நல்ல உடல்நலத்தோடு இருந்தான். தொலைபேசியில் நடந்த வகுப்பைப் பற்றி அவனுக்குச் சொன்னோம். நோர்வேப் பொம்மையைப் பற்றியும் சொன்னோம். கவனமாகக் கேட்டான். பின்னர், பல ஆண்டுகளாக நெஞ்சிலே கிடந்ததையும் சொல்லிவிட்டோம்: “தம்பி, அன்று உன் அம்மாவிடம் நாம் சொன்னது பொய்.”

“அப்பவே தெரியும், சேர்” என்றான். “கொப்பி கொண்டுவந்தவன் சொன்னான். பிறகு கூப்பிடத் தொடங்கினதையும் அவன்தான் வந்து சொன்னான்.”

சற்று நேரம் பேசாமல் பருப்பைப் பொதி செய்தான். அதன்பின், “அந்தப் பொம்மை அப்ப இருந்திருந்தா, அவன்தான் சேர் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருப்பான்” என்றான்.

வாசகர்களே, உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் நெடுநாளாய் வராத பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். இன்று மாலை அப்பிள்ளையின் பெயரைக் கேட்டறியுங்கள். மாணவர்களே, கொப்பியை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். வகுப்பிலே அன்று யார் என்ன குறும்பு செய்தார் என்பதையும் இருந்து சொல்லிவிட்டு வாருங்கள். எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: நாளைக் காலை, பதில் வராத பெயரையும் வாசியுங்கள்.