இடையில் ஓடும் கம்பி

உழைப்பைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், உழைக்கும் கையின் அறிவை அறிவென ஏற்றுக்கொள்கிறோமா? கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றோர் இவ்வினாவை அடிக்கடி எழுப்புவதில்லை. ஒரு பழைய காரின் கியர் கேபிள்கள் மாற்றப்படுவதை இரண்டு நாட்கள் அருகிலிருந்து பார்த்த பின்னர் என்னால் அதனைத் தட்டிக்கழிக்க இயலவில்லை.

கார் எனது உறவினர் ஒருவருடையது. ரொயோட்டா நிறுவனம் 1989 முதல் 1999 வரை செய்த, இருவர் மட்டும் அமரக்கூடிய எம். ஆர். 2 என்னும் ஸ்போட்ஸ் கார். அதன் எஞ்சினும் கியர்பெட்டியும் முன்புறத்தில் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ளன. எனவே ஓட்டுபவரின் கையிலுள்ள கியர் தண்டையும் பின்னாலிருக்கும் பெட்டியையும் இரண்டு நீண்ட கேபிள்களே இணைக்கின்றன. தண்டின் இட வல அசைவை ஒன்றும், முன்பின் அசைவை மற்றதும் கொண்டுசெல்கின்றன. அசையாத உறைக்குள் அசையும் கம்பி என்ற இத்தத்துவத்திற்கு ஏர்ணஸ்ற் பவுடன் என்பவர் 1896 இல் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பிறேக் கேபிளும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆயின் அதிலுள்ள கம்பி இழுத்தால் போதும்; கியர் கேபிளின் கம்பியோ இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும்.

இக்காரின் கியர் தண்டு நாளுக்குநாள் இறுகிவந்தது. பின்னோக்கிச் செல்லும் கியர் விழுவதே அரிதாயிற்று. தலைநகரிலுள்ள பெரிய திருத்தகம் ஒன்று, கியர்பெட்டியையே மாற்றவேண்டும் எனத் தீர்ப்புக் கூறியது. அவர்கள் கேட்ட தொகை என்போன்ற ஆசிரியன் ஒருவனின் பல மாதச் சம்பளம்.

எங்கள் ஊர்த் திருத்துநர் அறுபதைக் கடந்தவர். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். அவர் முதலிற் செய்தது ஒரு பரிசோதனை. பெட்டியின் பக்கத்தில் இரு கேபிள்களையும் கழற்றிவிட்டு, பெட்டியின் நெம்புகளைக் கையால் அசைத்துப் பார்த்தார். அவை எண்ணெயில் மிதப்பன போல் அசைந்தன.

“பெட்டியிலை பிழையில்லை, மாஸ்ரர். கை சொல்லுறது அங்கை போய்ச் சேரேல்லை. இடையிலைதான் இறுகிப்போச்சு” என்றார்.

அவர் கூறியதே உண்மை. கேபிளின் நுனியிலிருந்த றப்பர் மூடி கிழிந்திருந்தது. அவ்வழியே புகுந்த மழைநீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்திருந்தது. உறையின் உள்ளே கம்பி வழுக்கிச் செல்வதற்கென இருந்த பிளாஸ்ரிக் குழல், எஞ்சின் வெப்பத்திலும் ஆண்டுக்கணக்கான உராய்விலும் தேய்ந்து பிளந்திருந்தது.

பழைய கேபிளின் ஒரு நுனியிற் கயிறொன்றைக் கட்டி மறுபுறத்தால் இழுத்தார்கள். கேபிள் வெளியே வர, அது கிடந்த வழியிற் கயிறு நின்றது. அக்கயிற்றைப் பற்றிப் புதிய கேபிள் உள்ளே சென்றது. அதனைச் செலுத்தியவன் பதினேழு வயதுச் சிறுவன். எமது பாடசாலையில் ‘படிப்பு ஏறாதவன்’ எனப் பெயர் பெற்று வெளியேறியவன். புகைக்குழாயின் சூடு படாமலும் எங்கும் மடங்காமலும் கேபிளை அவன் படியவைத்தான். “வளைவு கூடினால் கை கனக்கும், சேர்” என்றான். ஒவ்வொரு வளைவிலும் கம்பி உறையோடு அழுந்த, உராய்வு பெருகுகிறது என்ற பௌதிக உண்மையே அது. விஞ்ஞானப் பாடத்தில் அவன் சித்தியடையவில்லை. உராய்வுக்கு வரைவிலக்கணம் எழுதிச் சித்தியடைந்த எத்தனை பேர் அதனைக் கையால் அறிந்திருக்கிறார்கள்?

இத்தகைய கைகள்தாம் எமது சமூகத்தை இடர்க்காலத்திற் தாங்கின. 1990 இல் வடபகுதிக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பின்னர், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓடவைத்தவர்கள் இவர்களே. நோயாளிகளை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை அக்கார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி ஆயிற்று. அவ்வாண்டுகளில் பழைய வாகனங்களைத் தெருவில் நிறுத்தாமல் ஓட்டியவர்களும் இவர்களே.

இதனை எழுதும்போது வறுமையை அழகுபடுத்தும் தவறு நேர்ந்துவிடக்கூடாது. அச்சிறுவனின் விரல்களில் ஆறாத வெட்டுக்காயங்கள் உள்ளன. அவனுக்குச் சேமலாப நிதியில்லை. கற்ற தொழிலுக்குச் சான்றிதழுமில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்திராவிடில் நானும் பல்கலைக்கழக வாயிலை மிதித்திருக்க மாட்டேன். ஆகவே ஏழையின் பிள்ளைக்குத் தொழில் போதும், வசதியுள்ளவன் பிள்ளைக்குப் பட்டம் என்ற பிரிவினையை என்னால் ஒருபோதும் ஏற்கமுடியாது.

1972 இன் கல்விச் சீர்திருத்தம் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தொழில் முன்னிலைப் பாடங்களை எல்லா மாணவர்க்கும் பொதுவாக்கியது. கையையும் ஏட்டையும் ஒரே வகுப்பறையில் இணைக்க முயன்ற திட்டம் அது. பயிற்றிய ஆசிரியர் போதவில்லை. கைத்தொழில் தம் பிள்ளைகளைத் தாழ்த்தும் எனப் பெற்றோர் ஐயுற்றனர். 1977 இன் ஆட்சிமாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. அந்த ஐயம் இன்றும் எமது ஆசிரியர் அறைகளில் உயிரோடு இருக்கிறது. பிள்ளை ஒன்று தவறினால் அதன் மூளையைக் குறைகூறுகிறோம். பாடத்துக்கும் அதன் வாழ்வுக்கும் இடையே எங்கே இறுகிக்கிடக்கிறது என்று கழற்றிப் பார்ப்பதில்லை.

அத்திருத்துநரைப் போன்றவர்களை எமது விஞ்ஞான வகுப்புகளுக்கு அழைத்துவர எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. அச்சிறுவன் மீண்டும் பரீட்சைக்குத் தோற்ற மாலைவேளையில் உதவுவதற்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடும் அதே உறுதியோடு, தொழில் பழகும் இளைஞருக்குச் சான்றிதழும் சேமலாப நிதியும் கோரவேண்டும். இம்மூன்றும் எம்மால் இயலக்கூடியவை.