இரவுப் பணி

நோயில்பூசுதல் வழங்குவதற்காக அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இரவு இரண்டு மணி. ஏறத்தாழ நாற்பது படுக்கைகளுக்கு நடுவே இளம் செவிலியர் ஒருவர் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்; தொகுப்பூதியத்தில் பணிபுரிபவர். நிரந்தரப் பணியிலிருக்கும் மூத்த செவிலியரோ பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருந்தார்.

அங்குள்ள செவிலியர் கண்காணிப்பாளர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவரிடம் இதைச் சொன்னேன். சற்றுக் கடிந்தே சொன்னேன்.

“தெரியும் சாமி. நான் என்ன செய்யட்டும்? விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தேன். அழகாகப் பதில் எழுதித் தந்தார். 17(பி) நடவடிக்கைக்கு மேலே எழுதினால் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சாட்சி சொல்ல வேண்டியவள் அந்தச் சின்னப் பெண். சொல்வாளா?”

முறையான விசாரணையின்றி அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்வதைப் பொதுவாகத் தடுக்கிறது அரசமைப்பின் 311ஆம் பிரிவு. சோம்பலுக்கு இந்தப் பாதுகாப்புத்தான் தாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“2020இல் கொரோனா வார்டுக்குப் போக எல்லாரும் தயங்கியபோது முதலில் பெயர் கொடுத்தவர் இவர்தான். ஒருமுறை மருத்துவர் மருந்தின் அளவைத் தவறாக எழுதிவிட்டார். சின்னப் பெண் கவனித்தாள். வேலை போய்விடுமோ என்று வாய் திறக்கவில்லை. இவர்தான் முகத்துக்கு நேரே, ‘இதைப் போடமாட்டேன்’ என்றார்.”

யோவான் நற்செய்தியில் ஓநாயைக் கண்டு ஓடுபவர் கூலிக்கு மேய்ப்பவர். ஓடாமல் நிற்பதற்காகத்தான் பாதுகாப்புத் தரப்படுகிறது. நின்ற இடத்திலேயே உறங்கிவிடுபவரை என்ன செய்வது என்று அவ்வுவமை சொல்லவில்லை.

“வாரத்தில் இரண்டு இரவுகள் நானே வார்டுக்குப் போகிறேன்,” என்றார். “ஏசுவதில்லை, கூட நின்று வேலை செய்கிறேன். யாருக்கு எத்தனை இரவுப் பணி என்னும் பட்டியலையும் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவிட்டேன்.” பிறகு சற்றுத் தயங்கி, “உங்களை யார் சாமி கேட்கிறார்கள்?” என்றார். குத்தலாக அன்று, உண்மையாகவே அறிய விரும்பினார்.

பங்குத்தந்தைக்கு நிலைத்தன்மை வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 522. பங்கிலிருந்து நீக்க ஆயருக்கும் முறைகள் உண்டு. குருத்துவ முத்திரையோ அழியாதது. முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் பட்டியலில் பதினொரு வீடுகள் உள்ளன. மழையென்றால் ஏழோடு திரும்பிவிடுவேன். எஞ்சிய நால்வரில் எவரும் ஆயருக்கு எழுதப்போவதில்லை.

சென்ற மாதம் மீண்டும் அம்மருத்துவமனைக்கு இரவில் செல்ல நேர்ந்தது. மூத்த செவிலியர் விழித்திருந்தார். அருகே கண்காணிப்பாளர் குளுக்கோஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் வராத இரவுகளில் எப்படியோ, நான் கேட்கவில்லை.