விரல்கள் அறிந்த இலக்கணம்

செம்பூரில் ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர் ஒருவர் வாழ்கிறார். மாட்டுங்காவில் தட்டச்சு பயின்று, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர். பம்பாய்க்கு வந்த தமிழரில் ஒரு தலைமுறைக்கு ஆங்கிலத் தட்டச்சும் பிட்மன் சுருக்கெழுத்துமே சோறு போட்டன. 1966இல் சிவசேனை தோன்றியபோது தென்னிந்தியர்மீது எழுந்த சினத்துக்கு அந்த அலுவலக நாற்காலிகளும் ஒரு காரணம்.

அவருடைய பேத்தி மொழியியல் முதுகலை மாணவி. தாராவியில் திருநெல்வேலி வழிவந்த முதியோரின் பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்கி வருகிறார். வினைமுற்று விகுதிகளே ஆய்வுப் பொருள். விசைச் சுருக்கங்களில் கைதேர்ந்தவர். கண்ட்ரோலுடன் சி, வி, இசட். சாளரம் மாற்ற ஆல்ட்-டேப். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் இடைவெளிப் பட்டையும். சுட்டியைத் தொடுவது அரிது. ஆயினும் தமிழை மட்டும் ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்தே அடித்துவந்தார். மென்பொருள் ஒரு சொல்லை ஊகித்து முன்வைக்கும். அவர் பட்டையைத் தட்டி ஏற்றுக்கொள்வார்.

ஒரு மாலை, பாட்டனார் பொழுதுபோக்காகக் காதணியை மாட்டிக்கொண்டு திரையையும் பார்த்திருந்தார். ஒலிப்பதிவில் மூதாட்டி 'வந்தாவ' என்றார். திரையில் 'வந்தால்' என்றிருந்தது. மரியாதைப் பன்மை விகுதி நிபந்தனை எச்சமாகிவிட்டது!

"காதுல விழுந்தத எழுதும்மா. மெஷின் நெனச்சத எழுதாத" என்றார் அவர்.

அது வெறும் முதியோர் முணுமுணுப்பன்று. 1837இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட முறை எழுத்துக்கூட்டலை விட்டு ஒலியைப் பற்றியது. 'ப' ஒலிக்கு மெல்லிய கோடு. அதன் அதிர்வொலி இணைக்கு அதே கோடு, சற்று அழுத்தமாக. ஒலியியல் நூல் எதையும் படிக்காமலே அவர் விரல்கள் அந்தப் பாகுபாட்டை அறிந்திருந்தன.

தமிழிலும் அத்தகைய விசைப்பலகை உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அது. உயிர்கள் பெரும்பாலும் இடக்கையில், மெய்கள் வலக்கையில். க, ப, ம, த, ந ஐந்தும் வலக்கை விரல்கள் இளைப்பாறும் வரிசையிலேயே. அதன் நுட்பம் புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது தானே புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. தொல்காப்பியம் பேசும் மெய்ம்மயக்கத்தைப் பொறி கற்றுக்கொண்டது போல! 'வந்தாவ' என்பதற்கு வ, ந, த, ஆ, வ என ஐந்தே அழுத்தல். 'மமதை' போன்ற சொல்லில் மட்டும் இடையே 'அ' அடித்துப் புள்ளியைத் தடுக்கவேண்டும். மராத்தி அடிப்பவருக்கு இன்ஸ்கிரிப்ட் எளிது, இரு மொழியிலும் ககரம் ஒரே விசையில் அமைவதால். ஆனால் அங்கே புள்ளியைத் தனியே அடித்தாக வேண்டும்.

விரைவு வழிகளைப் பரிந்துரைக்கும் பட்டியல்கள் வெட்டவும் ஒட்டவும் கற்பிக்கின்றன. உள்ளீட்டு முறையைப் பற்றி வாய் திறப்பதில்லை. தமிழில் ஆய்வேடு எழுதுவோருக்கு நேரம் கரைவது அங்கேதான். விரைவைக் காட்டிலும் பெரிய இழப்பு, பேச்சுவடிவம் ஓசையின்றி எழுத்துவடிவமாகத் திருத்தப்படுவது. தரவு கெட்டதை மேற்பார்வையாளரும் கண்டுகொள்ள இயலாது; திரையில் இருப்பது பிழையற்ற தமிழாயிற்றே.

முதல் இரு வாரங்கள் பேத்தியின் வேகம் பாதியாகக் குறைந்தது. இப்போது ஓரளவு மீண்டிருக்கிறது. எழுத்தாக்கி முடித்த பதிவுகள் பதினொன்று. முதல் பதிவை மறுபடி திறந்திருக்கிறார். பாட்டனார் காதணியோடு அருகில் அமர்ந்திருக்கிறார்.